போனை அலமாரியில் பூட்டிவிட்டுத் திறந்து பாருங்கள்

கேள்வி: வீட்டிலேயே தையல் கடை நடத்துகிறேன். பிளவுஸ், ஆரி ஒர்க். வாடிக்கையாளர்களின் அளவு நோட்டைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துப் போனில்தான் வைத்திருக்கிறேன். தைத்து முடித்த டிசைன்கள், துணியைக் காட்டி அவர்கள் அனுப்பும் வாட்ஸ்அப், எல்லாம் அதில்தான். போன வருடம் தவறிப்போன என் அம்மா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களும் அதிலேயே இருக்கின்றன. போன வாரம் தண்ணீர்த் தொட்டிக்குள் விழப்போன போனைக் கடைசி நொடியில் பிடித்தேன். அதிலிருந்து ஒரே பயம். ஆண்ட்ராய்டு போன், 128 ஜிபி. தினமும் "ஸ்டோரேஜ் ஃபுல்" என்று காட்டுகிறது. போட்டோவும் வீடியோவும் மட்டும் 70 ஜிபி இருப்பதாக மகன் பார்த்துச் சொன்னான். பெங்களூரில் வேலை பார்க்கும் அவன், கூகுளுக்கு மாதாமாதம் பணம் கட்டுங்கள் என்கிறான். செல்போன் கடைத் தம்பி, "ஒரு பென் டிரைவ் வாங்குங்க அக்கா, எல்லாத்தையும் அதுல ஏத்திட்டுப் போனைக் காலி பண்ணித் தர்றேன்" என்கிறார். கொழுந்தனார் டெலிகிராமில் போட்டால் இலவசம் என்கிறார். இதில் எது நல்லது? கூகுளில் போட்டால் என் படங்களை யாராவது பார்ப்பார்களா? பணம் கட்டுவதை நிறுத்தினால் எல்லாம் அழிந்துவிடுமா? இன்னொன்று, என் ஜிமெயிலைப் போன் வாங்கிய அன்று கடையிலேயே போட்டுக் கொடுத்தார்கள். பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது.

— வாசகி, ராஜபாளையம்

பதில்: கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, பாஸ்வேர்டு தெரியாது என்று, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கூகுளா, பென் டிரைவா என்பதெல்லாம் அப்புறம். நம் ஊரில் பலருடைய ஜிமெயில் முகவரியும் போன் கடையில் பிறந்ததுதான். கடைக்காரர் ஏதோ ஒரு பாஸ்வேர்டில், அவசரத்துக்குத் தன் நம்பரையே மீட்பு எண்ணாகக் கொடுத்துக்கூடக் கணக்கைத் திறந்துவிடுவார். போன் நன்றாக ஓடுகிறவரை அதனால் ஒரு தொந்தரவும் இருக்காது. போன் போன பிறகுதான் சங்கதி வெளியே வரும்: படங்களெல்லாம் ஒழுங்காகக் கூகுளில் போய்ச் சேர்ந்திருக்கும், உள்ளே நுழையத்தான் வழி இருக்காது.

ஆகவே யார் எந்த முறையைச் சொன்னாலும் நான் ஒரே கேள்விதான் கேட்பேன். இந்தப் போன் கையில் இல்லாதபோது அதைத் திறக்க முடியுமா?

போன் இப்போது உங்கள் கையில் உயிரோடு இருக்கிறது, அதனால் வேலை சுலபம். செட்டிங்ஸில் கூகுள் என்ற பகுதிக்குப் போனால் எந்த முகவரியில் போன் இயங்குகிறது என்று தெரியும். அதை எழுத்துக்கு எழுத்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு "ஃபர்காட் பாஸ்வேர்டு" கொடுங்கள். கணக்கு திறந்திருக்கும் போனையே சான்றாக வைத்துக் கூகுள் பெரும்பாலும் புதிய பாஸ்வேர்டு போட விட்டுவிடும். போன் தொலைந்த பிறகு வேறொரு கருவியிலிருந்து இதையே முயன்றால் பாடு பெரிது. மீட்பு எண்ணாக உங்கள் எண்ணையும், மீட்பு மின்னஞ்சலாக மகனுடையதையும் போடுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கினால் அங்கேயே "பேக்கப் கோட்ஸ்" என்று எட்டு இலக்க எண்கள் பத்து கிடைக்கும். ஓடிபியும் இல்லை, போனும் இல்லை என்ற நிலையில் உள்ளே விடுபவை இவைதான். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். பிரிண்ட் எடுத்து நகை, பத்திரம் இருக்கும் இடத்தில் வையுங்கள். போனில் போட்டோ எடுத்து வைக்காதீர்கள். சிரிக்காதீர்கள், அப்படிச் செய்பவர்கள் நிறையப் பேர்.

சிம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். கணவர் பெயரிலோ மகன் பெயரிலோ இருந்தால், போன் தொலைந்தபின் டூப்ளிகேட் சிம் வாங்க அவர்கள்தான் ஆதாரோடு போய் நிற்க வேண்டும். புது சிம் கிடைத்தாலும் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. மோசடிக்காரர்கள் அடுத்தவர் எண்ணில் சிம் வாங்கி ஓடிபியைத் தட்டிப் பறிப்பதைத் தடுக்க 2022-இல் தொலைத்தொடர்புத் துறை வைத்த ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஒரு நாள் முழுக்க எஸ்எம்எஸ் ஓடிபியை நம்பி நீங்கள் எதையும் திறக்க முடியாது.

இனி அம்மாவின் குரல். 70 ஜிபியைப் பார்த்து மலைத்துப்போய், எல்லாவற்றுக்கும் ஒரே வழி தேடுவதால்தான் இந்த வேலை தள்ளிப்போகிறது. வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் மிகச் சிறிய கோப்பு. ஒரு நிமிடப் பேச்சு கால் எம்பிகூட வராது. நூறு மெசேஜ் இருந்தாலும், அவை சராசரி ஒரு நிமிடம் என்றால், 25 எம்பிக்குள் அடங்கிவிடும். ஒரே மின்னஞ்சலில் இணைத்து அனுப்பக்கூடிய அளவு அது. உங்கள் போனில் ஈடு செய்யவே முடியாத பொருள் எதுவோ அதுதான் எல்லாவற்றிலும் குறைந்த இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. இடத்தை விழுங்குவது வீடியோக்களும், காலை வணக்கப் படங்களும், யார் யாரோ அனுப்பிய ஃபார்வேர்டுகளும்.

எனவே அதை இன்று இரவே முடியுங்கள். அம்மாவின் சாட்டைத் திறந்து, மேலே மூன்று புள்ளியில் "எக்ஸ்போர்ட் சாட்" என்பதைத் தேடி, "இன்க்ளூட் மீடியா" கொடுங்கள். பேச்செல்லாம் ஒரு டெக்ஸ்ட் கோப்பாகவும், குரல்கள் தனித்தனி ஒலிக் கோப்புகளாகவும் வரும். பிடிடி-20240318-டபிள்யூஏ0005.ஓபஸ் என்பது போலப் பெயர் இருக்கும் என்று வையுங்கள். நடுவில் உள்ள எட்டு இலக்கம் வருடம், மாதம், தேதி. அம்மா எந்த நாளில் பேசியது என்பதைக் கோப்பைத் திறக்காமலேயே சொல்லிவிடலாம். மகனுக்கு ஒன்று, கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கு ஒன்று, உங்களுக்கே ஒன்று என்று மின்னஞ்சலில் அனுப்புங்கள். கணினியில் விஎல்சி பிளேயர் இருந்தால் இவை ஓடும், வாட்ஸ்அப்பே தேவையில்லை. இப்படி எடுத்ததைத் திரும்ப வாட்ஸ்அப்புக்குள் ஏற்ற முடியாது. அதனால் என்ன, உங்களுக்கு வேண்டியது குரல்தானே. படமும் வீடியோவும் சேர்ந்து கோப்பு பெரிதாகிவிட்டால் மின்னஞ்சலுக்குப் பதில் டிரைவில் போட்டு இணைப்பை அனுப்பலாம்.

கடைத் தம்பியின் பென் டிரைவுக்கு வருவோம். அவர் சொல்வதில் ஒரு பிழை இருக்கிறது. பென் டிரைவில் ஏற்றிவிட்டுப் போனைக் காலி செய்தால் அதற்குப் பெயர் பேக்கப் இல்லை, இடமாற்றம். முன்பு போனில் மட்டும் இருந்தது இப்போது பென் டிரைவில் மட்டும் இருக்கும். விரல் அளவுள்ள அந்தப் பொருள் தொலைவதற்கு ஊசிப்பெட்டி ஒன்று போதும். கூடவே, சந்தையில் போலிகள் ஏராளம். சில நூறு ரூபாய்க்கு 2 டிபி என்று விற்பார்கள். உள்ளே இருப்பது சின்ன சிப்தான், கணினியிடம் மட்டும் 2 டிபி என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். உண்மையான கொள்ளளவு நிரம்பியதும் பழைய கோப்புகளின் மேலேயே புதியதை எழுதும். பெயர்ப் பட்டியலில் எல்லாப் படமும் வரிசையாக நிற்கும், தட்டினால் திறக்காது. நல்ல கம்பெனிப் பென் டிரைவே ஆனாலும் வருடக்கணக்கில் மின்சாரம் படாமல் கிடந்தால் உள்ளே பதிந்தது மங்கக்கூடும். எனவே அது துணைக்கு இருக்கலாம், அதுவே எல்லாமாக இருக்கக் கூடாது.

"போன் செத்தாலும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கொண்டுபோனால் எடுத்துத் தந்துவிடுவார்கள்" என்று யாராவது தைரியம் சொல்லியிருப்பார்கள். ஒரு காலத்தில் அது ஓரளவு நடந்தது. போர்டிலிருந்து மெமரி சிப்பைப் பெயர்த்து, வேறு கருவியில் வைத்துப் படித்துவிடுவார்கள். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், புதிதாக வரும் போன்கள் எல்லாவற்றிலும் தகவல் பூட்டப்பட்டே பதிகிறது. அந்தப் பூட்டின் சாவி அதே போனின் பிராசசரோடும் உங்கள் திரைப் பூட்டு எண்ணோடும் பிணைந்தது. சிப்பை மட்டும் பெயர்த்தெடுத்தால் கிடைப்பது பொருளில்லாத எண் குவியல். டிஸ்ப்ளே மட்டும் உடைந்திருந்தால் கவலையில்லை, மாற்றிவிட்டுத் திறந்துகொள்ளலாம். தண்ணீர் போய் போர்டு அரித்துவிட்டால், அதே போர்டை எப்படியாவது உயிர்ப்பிக்கும் மெக்கானிக் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. தொட்டிக்குள் விழாமல் நீங்கள் காப்பாற்றியது போனை மட்டும் இல்லை.

இப்போது மகன் சொன்னது. உங்கள் விஷயத்தில் அவர் பக்கம்தான் நான். ஒரே காரணம், அது தானாக நடக்கும். கையால் எடுக்கும் பேக்கப் எல்லாம் ஆடி மாதத்தில் ஒழுங்காக நடக்கும்; ஆவணி முகூர்த்தம் வந்து இரவு பன்னிரண்டு மணிவரை ஊசி பிடிக்கிற நாட்களில் நின்றுபோகும். அளவுப் படங்கள் அதிகம் சேர்வதும் அந்த நாட்களில்தான்.

கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் அதைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். 2021 ஜூன் 1 வரை தரம் சற்றுக் குறைத்த படங்களை அளவில்லாமல் போட முடிந்தது, அந்தச் சலுகை போய்விட்டது. வாட்ஸ்அப் பேக்கப்பும் முன்பு கணக்கில் சேராது, 2024 முதல் அதுவும் சேர்கிறது. எனவே 70 ஜிபிக்கு இலவசம் போதாது. 100 ஜிபி திட்டம் மாதம் 130 ரூபாய் அளவில் கிடைக்கிறது. கூகுள் போட்டோஸில் "ஸ்டோரேஜ் சேவர்" என்ற தரத்தைத் தேர்ந்தெடுங்கள். 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்களை அந்த அளவுக்குச் சுருக்கும். அளவு நோட்டைப் படிக்கவும், ஜர்தோசி வேலையைப் பெரிதாக்கிப் பார்க்கவும் அது தாராளம். வாட்ஸ்அப் படங்கள் தானாக இதில் சேராது. அமைப்புகளில் "டிவைஸ் ஃபோல்டர்ஸ்" என்ற இடத்தில் வாட்ஸ்அப் இமேஜஸை நீங்கள்தான் இயக்க வேண்டும். ஆனால் குப்பையைக் கழித்துவிட்டு இயக்குங்கள்; காலை வணக்கத்துக்கு வாடகை கட்ட வேண்டியதில்லை.

தினம் ஒன்றரை ஜிபி ரீசார்ஜில் இதை முடிக்க நினைத்தால், வேறு எதற்கும் நெட்டைத் தொடாமல் இருந்தால்கூட ஒன்றரை மாதம் ஆகும். மகன் வீட்டுக்குப் போகும்போது வைஃபையில் போட்டுச் சார்ஜில் வைத்துவிடுங்கள். அப்லோடு வேகம் 20 எம்பிபிஎஸ் இருந்தால் எட்டு மணி நேர வேலை, விடிவதற்குள் முடிந்துவிடும்.

பணம் கட்டுவதை நிறுத்தினால் உடனே எதுவும் அழியாது. புதிதாக எதுவும் ஏறாது, ஜிமெயிலுக்குக் கடிதமும் வராது. அளவுக்கு மீறிய நிலையிலேயே இரண்டு வருடம் கிடந்தால்தான் கூகுள் அழிக்கலாம். நீங்கள் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: கூகுள் போட்டோஸ் செயலிக்குள் ஒரு படத்தை "டெலீட்" செய்தால் போனிலும் போகும், கூகுளிலும் போகும். இடம் காலியாக்க நினைத்து இரண்டு பிரதிகளையும் ஒரே தட்டில் அழித்தவர்கள் உண்டு. குப்பைக்கூடையில் 60 நாள் இருக்கும், அதற்குள் கவனித்தால் பிழைத்தது. போனில் மட்டும் அழிய வேண்டுமானால் "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" என்ற பொத்தானைப் பயன்படுத்துங்கள். மேலே ஏறி முடிந்த படங்களை மட்டுமே அது போனிலிருந்து எடுக்கும்.

போன் செட்டிங்ஸில் தனியாக "பேக்கப்" என்று ஒன்று இருக்கும். அதை இயக்கிவிட்டால் எல்லாம் பத்திரம் என்று எண்ணிவிடாதீர்கள். அழைப்புப் பட்டியல், எஸ்எம்எஸ், செட்டிங்ஸ், செயலிகளின் சிறு தகவல்கள் அதில் போகும்; செயலி ஒன்றுக்கு 25 எம்பிதான் உச்சம். வங்கிச் செயலிகள் பொதுவாக இதில் சேருவதில்லை, புதுப் போனில் மறுபடி பதிய வேண்டும். அதைத் திரும்ப எடுக்கப் பழைய போனின் பின் நம்பர் கேட்கும். போனை 57 நாள் பயன்படுத்தாமல் வைத்தால் அந்தப் பேக்கப் அழியலாம். வாடிக்கையாளர் எண்கள் போன் மெமரியில் இருக்கின்றனவா, கூகுள் கணக்கில் இருக்கின்றனவா என்பதையும் கான்டாக்ட்ஸில் பார்த்து, கூகுளுக்கு மாற்றிவிடுங்கள்.

வாட்ஸ்அப் பேக்கப்பில் ஒரு கண்ணி உண்டு. கூகுள் கணக்கில் ஒரு எண்ணுக்கு ஒரே பிரதிதான் இருக்கும். புதியது ஏறினால் பழையது போய்விடும். தவறுதலாக ஒரு சாட்டை அழித்து, அன்று இரவே பேக்கப் ஓடிவிட்டால் அங்கும் அது இருக்காது. அம்மாவின் குரலைத் தனியாக எடுக்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். வீடியோ வேண்டுமானால் "இன்க்ளூட் வீடியோஸ்" என்பதை நீங்கள் இயக்க வேண்டும், இல்லாவிட்டால் சேராது. முழுக்கப் பூட்டிய பேக்கப்புக்குத் தனிப் பாஸ்வேர்டு போடும் வசதி 2021 முதல் இருக்கிறது. போட்டால் கூகுளாலும் படிக்க முடியாது, வாட்ஸ்அப்பாலும் முடியாது. நீங்கள் அந்தப் பாஸ்வேர்டை மறந்துபோனால் உங்களாலும் முடியாது. எழுதி வைக்கும் பழக்கம் இருந்தால் போடுங்கள்.

படங்களை யாராவது பார்ப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். ஆள் உட்கார்ந்து உங்கள் டிசைன்களைப் புரட்டுவதில்லை. விளம்பரத்துக்கு அவற்றைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுளும் சொல்கிறது. ஆனால் போட்டோஸில் உள்ளவற்றின் சாவி கூகுளிடமும் இருக்கிறது. சட்டத்துக்குப் புறம்பான படங்களைத் தேடும் இயந்திரச் சோதனையும் உண்டு. அது தவறிப்போவதும் நடக்கிறது. தன் குழந்தையின் உடல்நலக் கோளாறை மருத்துவருக்குக் காட்ட எடுத்த படத்தால் ஓர் அமெரிக்கத் தகப்பன் கணக்கையே இழந்த கதையை 2022-இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. போலீஸ் விசாரித்து, குற்றமில்லை என்று சொன்ன பிறகும் கூகுள் கணக்கைத் திருப்பித் தரவில்லை. வருடக்கணக்கான மின்னஞ்சலும் படங்களும் அதோடு போயின. அரிதான நிகழ்வுதான். ஆனாலும் கூகுள் ஒன்றையே நம்பாதீர்கள் என்று சொல்ல அது போதும்.

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் தன் தொழில்காரர்களுக்காகப் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு: பிரதிகள் மூன்று, அவை இரண்டு வகைப் பொருளில், அவற்றில் ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு கட்டடத்தில். போனில் இருப்பதே ஒன்று, கூகுள் இரண்டு. மூன்றாவதாக ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். ஒரு கல்யாண பிளவுஸ் ஆரி கூலிக்கு முன்பின் இருக்கும். தீபாவளிக்கும் பங்குனிப் பொங்கலுக்கும் மகன் ஊருக்கு வரும்போது, போனைக் கேபிளில் மாட்டி, டிசிஐஎம் ஃபோல்டரையும் வாட்ஸ்அப் மீடியா ஃபோல்டரையும் அவரை விட்டுப் படியெடுக்கச் சொல்லுங்கள். "கட்" கொடுக்கக் கூடாது, "காப்பி"தான். டிஸ்க்கை அவரே பெங்களூர் கொண்டுபோய் வைத்துக்கொள்ளட்டும்.

டெலிகிராம் வேண்டாம். படமாக அனுப்பினால் தரத்தைக் குறைத்துவிடும். நீண்ட நாள் திறக்காத கணக்கைத் தானே அழித்துவிடும். தேதி வாரியாகத் தேட அது படப்பெட்டியும் இல்லை. போன் கம்பெனிகளின் சொந்த கிளவுடும் அப்படித்தான். சாம்சங் 2021-இலும் சியோமி 2023-இலும் கேலரிப் படங்களை வைத்துக்கொள்ளும் சேவையை நிறுத்திவிட்டு, வேறிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

ஐபோன் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: ஐகிளவுடில் இலவசம் 5 ஜிபி மட்டுமே. கணினி இருந்தால் அதில் முழுப் பேக்கப் எடுக்கலாம். "என்க்ரிப்ட் லோக்கல் பேக்கப்" என்பதை டிக் செய்தால்தான் சேமித்த பாஸ்வேர்டுகளும் ஹெல்த் தகவலும் அதில் வரும். அதற்குப் போடும் பாஸ்வேர்டை மறந்தால் ஆப்பிளாலும் எடுத்துத் தர முடியாது.

எல்லாம் செய்து முடித்த பிறகு ஒரு நாள் போனை அணைத்து அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். மகனின் லேப்டாப்பில் இன்காக்னிட்டோ திரையைத் திறந்து, நோட்டில் எழுதிய முகவரி, பாஸ்வேர்டு, ஒரு பேக்கப் கோட், இவற்றை மட்டும் கொண்டு உள்ளே போய்ப் பாருங்கள். மகன் தட்டக் கூடாது, நீங்கள்தான் தட்ட வேண்டும். முந்தாநாள் எடுத்த ஓர் அளவுப் படம், ஒரு வாடிக்கையாளரின் எண், அம்மாவின் ஒரு குரல், மூன்றும் திறந்தால் சரி. எதில் தடை விழுகிறதோ அதை மட்டும் திருத்திவிட்டு மறுபடி பாருங்கள்.

புதுப் போன் வாங்கினால் பழையதை அன்றே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். புதியதில் முதலில் பழைய கூகுள் கணக்கைப் போட்டு, பிறகு அதே எண்ணில் வாட்ஸ்அப்பைத் திறங்கள். "ரீஸ்டோர்" என்று கேட்கும் திரையில் அவசரப்பட்டு "ஸ்கிப்" தட்டினால் சாட் எல்லாம் காலியாகத் தொடங்கும். அடுத்த பேக்கப் ஓடும்போது அந்த வெறுமைதான் பழைய பிரதியின் மேல் ஏறும். கடைத் தம்பி செய்து தருகிறேன் என்றால், அந்தத் திரை வரும்போது மட்டும் போனை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.